அம்மாவின் ஸ்வெட்டர்

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே நலம். நீயும் உன் மனைவியும் பிள்ளையும் நலமென்று நம்புகிறேன்.

கண்காட்சி நல்லபடியாக முடிந்தது. அம்மா பாத்திரம் கழுவும் என் ஓவியத்தின் முன்னால்தான் கூட்டமாம். நான் போகவில்லை. அப்பாவை யாரிடம் விட்டுப் போவது? கேலரிக்காரர் போனில், "உங்க அம்மா எல்லாருக்கும் அம்மாவாயிட்டாங்க, இதே மாதிரி இன்னும் குடுங்க" என்றார். எதிர்த்தெரு சலவைக் கடைக்காரரை வரைந்து அனுப்பினேன். நல்லா இருக்கு, ஆனா அம்மாவே போதும் என்று திருப்பி அனுப்பிவிட்டார்.

அப்பா வேளாவேளைக்குச் சாப்பிடுகிறார். சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. மறதிதான் ஏறிக்கொண்டே போகிறது.

போனில் சொல்ல வாய் வரவில்லை, எழுதுகிறேன். அம்மா இறந்து இத்தனை நாளாகியும் அந்தப் படத்தை வரையும்போது அவள் முகம் நினைவுக்கு வந்தது. தொட்டி முன்னால் தோளை எப்படிச் சாய்த்து நிற்பாள் என்பது மட்டும் பிடிபடவில்லை. அவளுடைய சாம்பல் நிற ஸ்வெட்டரைப் போட்டு, அவளைப் போலவே கொண்டை போட்டு, சமையலறையில் கண்ணாடியைச் சாய்த்து வைத்து நானே நின்று பார்த்தேன். அப்பா வந்து நிலைப்படியில் நின்றார். "இவ்வளவு நாளா எங்க போயிருந்தே?" என்று கேட்டு அழுதார். இங்கதானே இருக்கேன் என்றேன்.

அன்றிலிருந்து நான்தான் அம்மா. ஸ்வெட்டரைக் கழற்றிய பிறகும் அப்படித்தான். மறுபடி போய்விடுவேனாம்; வாசலைப் பூட்டிச் சாவியைத் தலையணைக்கடியில் வைத்துக்கொள்கிறார். அவர் கண்ணயரும்போது எடுத்துக்கொண்டு கடைக்கு ஓடிப்போய் வருகிறேன். "நான் உங்க மக, அப்பா" என்று ஒருமுறை சொல்லியும் பார்த்தேன். "வயசாக ஆக உனக்குக் கிண்டல் ஜாஸ்தியாயிடுச்சு" என்று சிரித்தார். பகலெல்லாம் அம்மாவை வரைகிறேன். தூரிகையைக் கழுவி வைத்ததும் அம்மாவாகப் போய் உட்காருகிறேன்.

போன வாரம் சாப்பாட்டின் நடுவே, "பெரியவளை ஏன் காணோம்? வரைய உக்காந்தா சோறு தண்ணி மறந்துடுவாளே" என்று கவலைப்பட்டார். வெளியூர் போயிருக்கிறாள், வந்துவிடுவாள் என்றேன். அவளுக்கென்று ஒரு தட்டில் எடுத்து மூடி வைத்தார். அவர் படுத்ததும் அதை நின்றபடியே சாப்பிட்டேன்.

உனக்கு வேலை நெருக்கடி என்று தெரியும். ஆள் வைக்கிறேன் என்று மட்டும் எழுதிவிடாதே. நாலு நாள் வந்து போ. வந்து, அவர் காதில் விழும்படி என்னை அக்கா என்று கூப்பிடு. அது போதும்.

பிள்ளைக்கு என் முத்தம். எல்லோரும் சுகமாக இருங்கள்.

உன்
அக்கா