சிவப்புப் போர்வை காயும் கம்பம்

2 அக்டோபர் 1986, வியாழன்

ஸ்பாக்ஸிலிருந்து காலைக் கப்பல். அஸர் தொழுகைக்கு முன்பே, தீவிலுள்ள என் பிறந்த ஊர் அத்தாயாவுக்கு வந்துவிட்டேன். தம்பி ஹமாதிக்கு மூன்றாவதும் ஆண், அல்ஹம்துலில்லாஹ். அவன் மனைவி ஸல்ஹா நாற்பது நாள் கழியும்வரை எழக்கூடாது. வீடு என் கையில். வந்ததும் இருப்பைக் குறித்தேன்: பார்லி மாவு இரண்டு மூட்டை, ஆலிவ் எண்ணெய் ஏழு போத்தல், எள் ஒரு ஜாடி. துவைக்க வேண்டியது கணக்கில் அடங்காது. துவைத்து முடித்தபின் எண்ணிக்கொள்ளலாம்.

5 அக்டோபர்

படகு எஞ்சின் பழுது. ஹமாதி அதைத் தூக்கிக்கொண்டு ஸ்பாக்ஸ் போனான், நான்கு நாள் ஆகுமாம். "குடமெல்லாம் கடல்ல இறக்கியாச்சு லாத்தா, இருநூத்து நாப்பது. பேய்க்கணவாய் ஒவ்வொண்ணா குடியேறிட்டிருக்கும். வந்ததும் தூக்க வேண்டியதுதான்." இந்த வீட்டின் குளிர்காலப் பிழைப்பு மொத்தமும், அந்த எட்டுக்கைப் பிராணி வந்து பதுங்கும் மண்குடங்களில்தான் இருக்கிறது.

7 அக்டோபர்

கொல்லையில் நிற்கும் நெட்டைப் பேரீச்சை. மூன்று வருடமாக ஒரு குலை தள்ளவில்லை. எலி ஏறுகிறது. நேற்று ஒரு காய்ந்த மட்டை தொட்டிலுக்கு ஒரு முழம் தள்ளி விழுந்தது.

"அவங்க வரட்டுமே மதினி" என்றாள் ஸல்ஹா.

"வெட்டுறதுக்கு ஆள் இருக்கு. சொல்றதுக்கு நான் இருக்கேன்."

லுஹருக்குள் முடிந்தது. நெஞ்சுயர அடிமரம் மட்டும் மிச்சம். மட்டை நாற்பத்து மூன்று; பக்கத்து வீட்டு மப்ரூக்கா அடுப்புக்கு இருபது எடுத்துக்கொண்டாள். கொல்லையில் நல்ல வெளிச்சம். திருப்தியாகத் தூங்கப் போகிறேன்.

9 அக்டோபர்

ஹமாதி வந்தான். அடிமரத்தின் மேல் கையை வைத்துக்கொண்டு நின்றான். குஸ்குஸைத் தொடவில்லை.

10 அக்டோபர், வெள்ளி

ஸல்ஹாதான் சொன்னாள். குடங்களைக் கோத்த கயிற்றுக்கு இந்த ஊரில் யாரும் மிதவை கட்டுவதில்லை. கட்டினால் விடிவதற்குள் வேறு கை தூக்கிவிடும். கடலிலிருந்து கரையைப் பார்ப்பார்கள். இரண்டு அடையாளம் ஒன்றன்பின் ஒன்றாக ஒரே நேரில் வந்தால் கயிறு அந்தக் கோட்டில். ஹமாதியின் அடையாளத்தில் ஒன்று, கொல்லைப் பேரீச்சை. இன்னொன்று எது என்று அவளுக்கும் தெரியாது. மரத்தைப் பற்றியே நேற்றுதான் அவளிடம் வாய் திறந்தானாம்.

இந்த வீட்டில் பிறந்தவள் நான். எனக்கே தெரியவில்லை! வாப்பா உம்மாவிடம்கூடச் சொன்னதில்லை. பெண்களிடம் சொல்லவே மாட்டார்கள். சொல்லாததை நான் எப்படி—

இல்லை. கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

13 அக்டோபர்

மூன்று நாளாகக் கொக்கியைப் போட்டுக் கடலடியைத் துழாவிவிட்டு வெறுங்கையோடு வருகிறான். துறையில் மப்ரூக்காவின் புருஷன் ஜிலானி, "என்ன ஹமாதி, மோதிரத்தைத் தொலைச்சிட்டியா?" என்றானாம். எல்லோரும் சிரித்தார்களாம். வாடைக்காற்று பலமாகிவிட்டால் கயிறு மண்ணில் மூடிப்போகும். பிறகு ஒரு குடம்கூடக் கிடைக்காது.

யா அல்லாஹ், தப்பு என்னோடதுதான். வழியையும் என்கிட்டயே காட்டிடு.

14 அக்டோபர்

மரம் நின்ற இடத்தில் ஒரு கம்பம் நட்டால் போதும். ஆனால் நட்ட அன்றே ஊருக்குத் தெரிந்துவிடும், இதுதான் ஹமாதியின் அடையாளம் என்று. ஜிலானிக்கு அது ஒன்று போதும்.

குழந்தைத் துணி காயப்போடும்போது தோன்றியது. பாய்மரம்! வாப்பாவின் பழைய படகுடையது, கோழிக்கூட்டுக்குப் பின்னால் கிடக்கிறது. கப்பி இன்னும் உருள்கிறது.

ஹமாதியிடம் நேரே போய்ச் சொன்னேன்: "நாளைக்கு எட்டு மணிக்குக் கடல்லேர்ந்து நம்ம கொல்லையைப் பாரு. சிவப்பா ஒண்ணு தெரியும்." கொக்கியைத் துடைத்துக்கொண்டே காது கொடுத்தான்.

15 அக்டோபர்

சுபுஹுத் தொழுகை முடிந்ததும் பாய்மரத்தை அடிமரத்தோடு வரிந்து கட்டினேன். ஸல்ஹா எழுந்து வந்து ஒரு முனையைப் பிடித்தாள். நாற்பது ஆகவில்லை, அல்லாஹ் மன்னிப்பான். என் கல்யாணச் சிவப்புப் போர்வையைக் கப்பியில் ஏற்றினேன்.

மப்ரூக்கா சுவருக்கு மேல் தலையை நீட்டினாள். "என்னடி மொன்ஜியா, ஸ்பாக்ஸ்ல போர்வையை ஆகாசத்துலதான் காயப்போடுவீங்களோ?"

"புள்ள பெத்த வீட்டுப் போர்வைடி. கோழி தூசி படக்கூடாது."

"வானத்துலேர்ந்து மலக்குமாரு வந்து மடிச்சுக் குடுப்பாங்களாக்கும்!"

அவள் சிரித்த சிரிப்பு துறைவரை கேட்டிருக்கும். சிரிக்கட்டும். நான் பொய் சொல்லவில்லை. ஏற்றுவதற்கு முன் போர்வையை நன்றாகவே துவைத்திருந்தேன்.

மஃரிபுக்குச் சற்று முன் படகுச் சத்தம். ஹமாதி உள்ளே வந்து கூடையை என் காலடியில் வைத்தான். பேய்க்கணவாய் அறுபத்து ஒன்று.

"மரத்தைவிடக் குட்டைதான்" என்றான். "ஆனா நல்லா தெரியுது, லாத்தா."

16 அக்டோபர்

துவைத்தேன். ஏற்றினேன். ஐம்பத்து நான்கு.

11 நவம்பர்

நாற்பது முடிந்துவிட்டது. நாளைக் கப்பலில் ஸ்பாக்ஸ். போர்வையை ஸல்ஹாவிடம் விட்டுப் போகிறேன். "அவங்க கடலுக்குப் போற நாளெல்லாம் துவைக்கணுமா மதினி? சும்மா ஏத்தினா தெரியாதா?" என்று கேட்டாள்.

"கடல்லேர்ந்து தெரியும். மப்ரூக்கா கேட்டா என்ன சொல்லுவே? துவைச்சுட்டு ஏத்து."

21 டிசம்பர், ஞாயிறு

கப்பலில் ஒரு மூட்டை வந்தது. காய்ந்த பேய்க்கணவாய் பன்னிரண்டு, கூடவே ஹமாதியின் கடிதம். என் படிப்பு, மகனின் பாடப்புத்தகத்தை வைத்துக்கொண்டு நானாகக் கற்றது. அவன் கிறுக்கலைப் படிக்க அரைமணி ஆயிற்று.

எல்லோரும் நலம். துவைத்துத் துவைத்துப் போர்வை வெளுத்துவிட்டதாம், தூரத்திலிருந்து தெரியவில்லையாம். வேறு சிவப்பு வேண்டுமாம். ஊரிலேயே சுத்தக்காரி என்று ஸல்ஹாவுக்குப் பேர். பொறுக்காமல் மப்ரூக்காவும் ஒரு கம்பம் நட்டுவிட்டாள். நல்லவேளை, அவளுடையது நீலம்.

கடைசியில், அந்த இன்னொரு அடையாளம் எது என்று எழுதியிருந்தான். கீழே ஒரு வரி: "இதையும் வெட்டிடாதீங்க லாத்தா."

இரண்டு முறை படித்தேன். கடிதத்தை அடுப்பில் போட்டேன்.

இந்த நோட்டில் எதையும் எழுதாமல் விட்டதில்லை. இதை எழுதப்போவதில்லை.

செவ்வாய்க் கப்பலுக்கு: சிவப்புப் போர்வை ஒன்று. துவைத்தது.