டாக்டர் வரைந்த கோடு

அண்ணன் மகள் சிக்னேவுக்கு,

மால்மோ ஆஸ்பத்திரியில், மூச்சை அளக்கும் குழாயில் நான் ஊதிய ஊதலில் ஜன்னலே அதிர்ந்தது. டாக்டரம்மா அசரவில்லை. என் ஐந்து வருட ஊதல்களைப் புள்ளிகளாக்கி, இறங்கும் கோடு ஒன்று வரைந்தார்.

"தாளைத் தலைகீழாப் பிடிச்சிருக்கீங்க டாக்டர்!"

"எப்படிப் பிடிச்சாலும் மூணு வருஷத்துல ஆக்சிஜன் சிலிண்டர்தான். இது பரம்பரை நுரையீரல் நோய். சிகரெட் பிடிச்சா கோடு இன்னும் வேகமா விழும். குடும்பத்துல யாராவது பிடிக்கிறாங்களா?"

"யாருமில்ல" என்று சொல்லிவிட்டு, வழியெல்லாம் உன்னையே நினைத்தேன்.

நாற்பது வருடம் புகைத்தும் நான் குதிரை என்று உன்னிடம் அளந்ததெல்லாம் பொய். தெருமுனைத் தபால்பெட்டிக்குப் போவதற்குள் இரண்டு முறை உட்காருவேன். கேட்பவர்களிடம் கடலை ரசிப்பதாகச் சொல்வேன்.

உனக்கும் இதே ரத்தம். உன் கோட்டுக்கு இன்னும் முதல் புள்ளிகூட வைக்கவில்லை. கையிலிருக்கும் சிகரெட்டை அணைத்துவிட்டு, போய் ஊதிவிட்டு வா.

உன் சித்தப்பா