காய்ந்த குளம்பு

பிந்தோ அப்பாவுக்கு,

முழங்கால் வலி என்று மந்தையை விட்டு இறங்கிப் போனவர், கீழே சம்பா ஊரில் உங்கள் தம்பி கல்யாணத்தில் விடிய விடிய ஆடினீர்களாம். கால் குணமானதில் சந்தோஷம்.

ஆடுகளின் கால்தான் குணமாக நாளானது. "மழை ஒண்ணு பெய்யட்டுங்க, குளம்பு ஊறினப்புறம் சீவலாம்" என்றேன். "பொம்பளைக்குக் குளம்பைப் பத்தி என்ன தெரியும்" என்று உச்சிவெயிலில் உட்கார்ந்து, கல்லாய்க் காய்ந்த குளம்பைச் சதையோடு சீவித் தள்ளினீர்கள். கணவாய் அம்மனுக்கு நேர்ந்துவிட்ட கிடாவையாவது விட்டிருக்கலாம். அதுவும் அழகாக இருக்க வேண்டுமாம், அதன் குளம்பையும் சீவினீர்கள். நொண்டிக் கிடாவை அம்மன் வாங்கமாட்டாள், அவளுக்குக் கொடுக்காமல் நாம் யாரும் கணவாய் ஏறமாட்டோம் என்பதுகூடவா மறந்துபோகும்?

மற்ற மந்தைகள் எல்லாம் எங்களைத் தாண்டிப் போயின. புன்னு அண்ணன் நின்று பார்த்துவிட்டு, "என்ன தங்கச்சி, உம் புருஷன் குளம்பு சீவினாரா, வெங்காயம் நறுக்கினாரா?" என்றார். நானும் சேர்ந்து சிரித்தேன்.

புண்ணுக்கு மஞ்சள் வைத்துக் கட்டினேன். மழை வந்தபின் மீதி ஆடுகளுக்கு நானே சீவினேன். ஒரு சொட்டு ரத்தம் இல்லை. நேற்றுக் கணவாயில் தண்ணீர் தெளித்ததும் கிடா சிலிர்த்து உதறியது. அம்மன் வாங்கிக்கொண்டாள்.

இந்தப் பக்கம் இறங்கியதும் ஒருவர், "மந்தை யாரோடது?" என்று கேட்டார். யோசிக்காமல் பதில் சொன்னேன்.

உங்கள் கத்தியைக் கடிதத்தோடு கொடுத்தனுப்பியிருக்கிறேன். அடுத்த கல்யாணத்தில் வெங்காயம் நறுக்க ஆகும்.

இப்படிக்கு,
மந்தைக்காரி