செப்டம்பர் இரண்டாம் சனிக்கிழமை காலியாக இருக்கிறது

சீடர் பென்ட், அயோவா
பிப்ரவரி 8, ஞாயிறு

அன்பு மகன் கர்ட்டுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் உன் அப்பாவும் சுகம், அப்பாவின் இடது முழங்காலைத் தவிர. நீயும் ஜோலினும் குட்டி மேவும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். உங்கள் ஊரில் இந்த மாதத்திலேயே அரைக்கைச் சட்டையோடு திரிகிறீர்களாம், ஜோலின் படம் அனுப்பியிருந்தாள். இங்கே பின்கதவு பனியில் உறைந்துபோய்த் திறக்கவே மாட்டேன் என்கிறது, காலையில் அப்பா வெந்நீர் ஊற்றித்தான் திறந்தார். இதையெல்லாம் போனிலேயே சொல்லலாம்தான். ஆனால் போனில் நீ சிரித்தே மழுப்பிவிடுவாய், அதனால் எழுதுகிறேன்.

நீ ஆட்ட அட்டவணை போடுகிற உன் பல்கலைக்கழகத்தின் முத்திரையோடு உன் கடிதம் வெள்ளிக்கிழமை எங்கள் கல்லூரி அலுவலகத்துக்கு வந்து சேர்ந்தது. "மதிப்பிற்குரிய திருமதி டீட்ரிக், தங்கள் ஃபுட்பால் அணியுடன் ஆட அழைத்தமைக்கு நன்றி, வரும் பருவத்தில் எங்கள் அட்டவணையில் இடமில்லை" என்று இரண்டு வரி, அடியில் உன் கையெழுத்து. கர்ட், முப்பத்தொரு வருஷமாக இந்தக் கல்லூரிக்கு ஆட்டம் பேசி முடிக்கிறவள் நான், இந்த மாதிரிக் கடிதம் பெட்டி பெட்டியாகப் பார்த்திருக்கிறேன், ஒன்றுக்கும் கலங்கியதில்லை. இதைப் படித்துவிட்டுக் கழிவறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். வீட்டுக்குக் கொண்டுவந்து அப்பாவிடம் காட்டினேன், அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு இரண்டு தரம் படித்துவிட்டு, "திருமதி டீட்ரிக்கா? யாரும்மா அது, நமக்குத் தெரிஞ்சவங்களா?" என்று கேட்டார். அழுகையோடு அழுகையாகச் சிரித்துவிட்டேன். அப்புறம்தான் உங்கள் வலைத்தளத்தைத் திறந்து பார்த்தோம். நாங்கள் கேட்டிருந்த செப்டம்பர் இரண்டாம் சனிக்கிழமைக்கு நேரே வெறும் கோடுதான் போட்டிருக்கிறது. பெற்றவளிடம் பொய் சொல்ல உனக்கு எப்படியப்பா மனசு வந்தது?

எங்கள் நிலைமை உனக்குத் தெரியாததில்லை, இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். போன பருவத்தில் பன்னிரண்டு ஆட்டத்தில் பதினொன்று ஜெயித்தோம். டிசம்பரில் தரவரிசைக் குழு கூடி, மூன்று ஆட்டம் தோற்ற அணியைக் கோப்பைப் போட்டிக்குள் விட்டுவிட்டு எங்களை வாசலில் நிறுத்திவிட்டது. அவர்கள் பல கல்லூரிகள் சேர்ந்து தங்களுக்குள்ளேயே ஆடிக்கொள்கிற பெரிய கூட்டமைப்பில் இருக்கிறார்களாம், வாரா வாரம் பலசாலிகளோடு மோதுகிறார்களாம், தனியாக நிற்கும் நாங்கள் சோப்ளாங்கிகளாகப் பார்த்துப் பொறுக்கி ஆடுகிறோமாம். பொறுக்கினேனா நான்? ரெட் பியூட் அணியோடு ஆட ஒப்பந்தம் போட்டது பதினொரு வருஷத்துக்கு முன்னால், அன்றைக்கு அவர்கள் சிங்கம், கையெழுத்து வந்த அன்று அலுவலகத்துக்கே ருபார்ப் பை பலகாரம் சுட்டு எடுத்துப்போனேன். ஒப்பந்த நாள் வந்தபோது அவர்கள் வருஷத்துக்கு ஒரு ஆட்டம் ஜெயிக்கும் பூனையாகிவிட்டார்கள். பத்து வருஷம் கழித்து எந்தப் பையனுக்குக் கால் உடையும், எந்தக் கோச் ஓடிப்போவான் என்று எனக்கு ஜோசியமா தெரியும்? இந்த வருஷமும் அவர்களோடு ஒரு ஆட்டம் பாக்கி இருக்கிறது, அதை ரத்து செய்யச் சொல்கிறது நம் நிர்வாகக் குழு. மாட்டேன். நாம் பூனையாக இருந்த காலத்தில் முகம் சுளிக்காமல் இவ்வளவு தூரம் வந்து ஆடினவர்கள் அவர்கள்.

இப்போது நிர்வாகக் குழுத் தலைவர் ஹோல்வர்டா கூட்டமைப்பில் சேர்ந்தே தீர வேண்டும் என்று ஒற்றைக்காலில் நிற்கிறார். வருகிற வியாழக்கிழமை ஓட்டெடுப்பு. நீயும் கிறிஸ்துமஸுக்கு வந்தபோது, "சேந்துடுங்கம்மா, நீ யார்கிட்டயும் போய்க் கெஞ்ச வேணாம், பன்னண்டுல ஒன்பது ஆட்டத்த அவங்களே போட்டுக் குடுத்துடுவாங்க" என்றாய். போட்டுக் கொடுப்பார்கள்தான். நவம்பர் கடைசிச் சனிக்கிழமையையும் அவர்களே எடுத்துக்கொள்வார்கள் என்று கூட்டமைப்பு அனுப்பிய தாளில் பொடி எழுத்தில் எழுதியிருக்கிறது, படித்தாயா? அது நாமும் ஆற்றுக்கு அக்கரைக் கல்லூரியும் மோதுகிற நாள். அப்பாவின் தாத்தா ஆடின ஆட்டம் அது. தோற்ற கரைக்காரர்கள் மறுநாள் காலையில் பாலத்தைக் கடந்து வந்து, ஜெயித்த கரைக்காரர்களுக்குச் சர்ச் கூடத்தில் பான்கேக் சுட்டுப் போடுவதை எந்தக் கூட்டமைப்பு நடத்திக் கொடுக்கும்? ஒன்பது வயதில் நீ பதினாலு தின்றுவிட்டு, சுட்டுப் போட்ட அக்கரை மேயரின் பூட்ஸ் மேலேயே வாந்தி எடுத்தாய். மறந்திருக்க மாட்டாய், அவர் இன்னும் உன்னை விசாரிக்கிறார்.

போன மாதமே ஹோல்வர்டாவிடம் நேரே போய்ச் சண்டை போட்டேன். அவரும் நல்ல மனுஷர்தான், வாசலில் நிறுத்தப்பட்டதில் பயந்துவிட்டார். கடைசியில், "செப்டம்பர் ரெண்டாம் சனிக்கிழம நமக்குக் காலியா கெடக்குல்ல மார்லிஸ், ஓட்டெடுப்புக்கு முன்னாடி அதுக்கு ஒரு பெரிய டீமப் புடிச்சுட்டு வாங்க, நான் இந்தப் பேச்சையே எடுக்கல" என்றார். சரி என்று பதினாறு கல்லூரிக்குப் போன் போட்டேன். ஒருவர் மீட்டிங்கில் இருக்கிறார், ஒருவர் மீன் பிடிக்கப் போயிருக்கிறார், இந்தக் குளிரில் என்ன மீனோ. ஒருவர் மட்டும் உள்ளதைச் சொன்னார், "உங்ககிட்ட ஜெயிச்சா ஒருத்தனும் கைதட்ட மாட்டான், தோத்தா எங்க கோச்சுக்கு வேல போயிடும், எங்களுக்கு எதுக்குங்க இந்த வம்பு?" என்றார். பார்த்தாயா நியாயத்தை? பலசாலிகளோடு ஆடவில்லை என்று வாசலில் நிறுத்துவார்கள், ஆட வா என்று கூப்பிட்டால் வீட்டில் ஆளில்லை என்பார்கள். எனக்கு வருகிற கோபத்துக்கு அளவே இல்லை கர்ட்.

கடைசியாகத்தான் உங்களுக்கு எழுதினேன், மகன் இருக்கிற இடமாயிற்றே என்று கூச்சப்பட்டுக்கொண்டு. நீ ஏன் இடமில்லை என்றாய் என்பதும் எனக்குத் தெரியும். ஜோலின் சொல்லிவிட்டாள், அவளைத் திட்டாதே. "எங்க பசங்க அம்மா டீம நசுக்கிடுவானுங்க, தொண்ணூறாயிரம் பேர் முன்னாடி அம்மா தலைகுனிஞ்சு ஒக்காந்திருக்கறத என்னால பாக்க முடியாது" என்றாயாம். உன் பாசம் எனக்குப் புரிகிறது. ஆனால் அது எனக்கு வேண்டாம். நசுக்கினால் நசுங்கிக்கொள்கிறோம், நாற்பது புள்ளியில் தோற்றாலும் நான் எழுந்து நின்றுதான் பார்ப்பேன். ஆடாமலே தோற்றுப்போனதாக எழுதி வைக்கிறார்களே, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

இந்த உறைக்குள்ளேயே இன்னொரு கடிதம் இருக்கிறது, உன் மேலதிகாரிக்கு. உங்கள் மைதானத்துக்கே வருகிறோம், பதிலுக்கு நீங்கள் இங்கே வர வேண்டியதில்லை, எந்த வெயிலில் எத்தனை மணிக்கு வைத்தாலும் சரி என்று எழுதி என் கையெழுத்தைப் போட்டிருக்கிறேன். நேரே அவருக்கே அனுப்பியிருக்கலாம், உன் கையால் போகட்டும் என்றுதான் இப்படி. அன்றைக்கு நீ எந்தப் பக்கம் உட்காருவாய் என்று கேட்க மாட்டேன், உனக்குச் சோறு போடுகிற பக்கமே உட்கார். மேவை மட்டும் என்னிடம் கொடு, நம் பச்சைத் தொப்பி ஒன்று அவளுக்காகப் பின்னி வைத்திருக்கிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள், காரிலேயே சாப்பிடுகிற பழக்கத்தை விடு, ஜோலினின் அம்மாவுக்கு வாரம் ஒரு போனாவது போடு. ஆண்டவர் உங்கள் மூன்று பேரையும் ஒரு குறையும் இல்லாமல் வைத்திருக்கட்டும், தினமும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். இதை நாளைக் காலை விரைவுத் தபாலில் அனுப்புகிறேன், புதன்கிழமை மாலைக்குள் மின்னஞ்சலிலாவது எனக்குப் பதில் வேண்டும். வாருங்கள் என்று எழுது, இல்லையென்றால் பயமாக இருக்கிறது என்று எழுது, இரண்டில் எதுவானாலும் வியாழக்கிழமை ஹோல்வர்டா முன்னால் எழுந்து நின்று சத்தமாகப் படிப்பேன். இடமில்லை என்று மட்டும் எழுதாதே.

இப்படிக்கு,
உன் மதிப்பிற்குரிய திருமதி டீட்ரிக்