ஏரிக்கரையில் நானூறு மீட்டர்

ஜனவரி 6

எழுத்துத் தேர்வு பாஸ்! தெருவுக்கே மிட்டாய் கொடுத்தாயிற்று. இனி போலீஸ் வேலைக்கும் எனக்கும் நடுவில் உடல்தகுதித் தேர்வு மட்டும்தான். இதை விட்டால் வயது தாண்டிவிடும். பாப்பாரப்பட்டி மாமா ஒரு மாப்பிள்ளையைப் பிடித்து வைத்துக்கொண்டு, "செலக்‌ஷன் ஆவலன்னா தை முடியறதுக்குள்ள கல்யாணம்" என்கிறார். மனுஷனுக்கு வேறு வேலையே கிடையாதா?

சாயங்காலம் ஏரிக்கரைத் திடலில் முனிராஜ் அண்ணன் எல்லோரையும் அளந்தார். பள்ளிக்கூட விளையாட்டு வாத்தியார், எங்களுக்குச் சும்மாவே பயிற்சி கொடுக்கிறார். "உடம்பு நல்லா இருக்குன்னு மொத்தமா சொல்லக் கூடாது. வேகம் வேற, பலம் வேற, வளையறது வேற, தாக்குப்பிடிக்கறது வேற. ஒவ்வொண்ணையும் தனியா அளக்கணும்" என்பார். காலை நீட்டி உட்கார வைத்து, கை எவ்வளவு தூரம் எட்டுகிறது என்று ஸ்கேல் வைத்துப் பார்த்தார். எனக்குக் கை கால்விரலைத் தாண்டவில்லை. குண்டு எறிவதில் நான்தான் முதல். தக்காளிக் கூடை தூக்கிய கை ஆச்சே!

நானூறு மீட்டரிலும் நேரம் மிச்சம் வைத்து வந்தேன். உஸ்மாவும் வந்தாள். கம்பைநல்லூர் மெத்தைக் கடை நூர் பாஷா பாயின் மகள், என்னைவிட ஐந்து வயது சின்னவள், அவளும் எழுத்துத் தேர்வு பாஸ்.

அந்த நானூறு மீட்டரை அளந்து போட்டதே எங்கள் வயலின் சொட்டுநீர் டிரிப் டியூப்தான். ஆயுத பூஜை சமயம், பள்ளிக்கூடத்து அளக்கும் டேப் அறுந்து கிடந்தது. வயலுக்கு வாங்கின புது ரோலின் அட்டையில் நானூறு மீட்டர் என்று இருந்தது. தூக்கிக்கொண்டு போய்த் திடலைச் சுற்றி விரித்து, ஆரம்பிக்கிற இடத்தில் ஒரு கல், முடிகிற இடத்தில் ஒரு கல் நட்டோம். ஐடியா என்னுடையது.

ஜனவரி 18

தர்மபுரியில் நிஜ டிராக்கில் ஓடிப் பார்த்தோம்.

நான் ஃபெயில். உஸ்மாவும்.

கடைசியில் கால் என் பேச்சையே கேட்கவில்லை. கோடு எதிரே தெரிகிறது, போய்ச் சேர முடியவில்லை. புல்லில் விழுந்து வாந்தி எடுத்தேன்.

ஜனவரி 19

காலே, உனக்கு என்னதான் கேடு?

ஜனவரி 22

ரத்தம் பார்த்தாயிற்று, குறையில்லையாம். ஏரிக்கரையில் மறுபடி ஓடினேன். நேரத்துக்குள் வந்துவிட்டேன்! இங்கே வருகிறது, அங்கே வரவில்லை. அப்படியென்றால் பயமா? நானா பயந்தவள்?

அம்மா உப்பு மிளகாய் சுற்றி அடுப்பில் போட்டாள். "ஊரு கண்ணு பூராவும் உம்மேலதான் கண்ணு." மிளகாய் நெடியில் அரை மணி நேரம் இருமினேன். அதனால் மூச்சு போனதுதான் மிச்சம்.

ஜனவரி 25



தக்காளிக்குத் தண்ணீர் விடப் போனேன். செடி வரிசையில் கடைசி இரண்டு சாலில் மட்டும் டியூப் புதுசாகப் பளபளவென்று இருக்கிறது. "இது ஏதும்மா?" என்றேன்.

"அந்தப் புது ரோல்லதான். ஆடியிலியே வெட்டிப் போட்டனே."

ஆடியில்! நான் ரோலைத் தூக்கிக்கொண்டு போனது அதற்கப்புறம். அப்படியே வரப்பில் உட்கார்ந்துவிட்டேன். வெட்டினது முப்பது மீட்டராவது இருக்கும். நான்கு மாதமாக முப்பது மீட்டர் குறைவாக ஓடிவிட்டு, ஓடிட்டேன் ஓடிட்டேன்னு குதிச்சிருக்கேன். தேர்வுக்கு இன்னும் நாலே நாள்.

கத்தினேன். வாய்க்கு வந்ததெல்லாம் கத்தினேன். ஏன்மா சொல்லல, ஏன்மா வெட்டின, என் வாழ்க்கைல மண்ணப் போட்டுட்டியேன்னு...

அம்மாவுக்கு விளங்கவே இல்லை. "கம்மி தூரம்னா உனக்கு லேசுதான கண்ணு?"

எனக்குச் சிரிப்பு வந்தது. அப்புறம் அழுதேன். அம்மா பார்த்துக்கொண்டே நின்றாள்.

ஜனவரி 26

பழைய கல்லைத் தாண்டி, குத்துமதிப்பாகத் தூரம் சேர்த்து ஓடினேன். வரவில்லை. மறுபடி ஓடினேன். வரவில்லை. முனிராஜ் அண்ணன் தலையில் கை வைத்துக்கொண்டார். "கல்லைப் பாத்ததும் உன் உடம்பு முடிஞ்சிச்சின்னு நெனச்சிக்குது. தாக்குப்பிடிக்கறது மூணு நாள்ல ஏறாது, மேகல. அளக்காம விட்டது என் தப்பு" என்றார். யார் தப்பானால் என்ன, ஓடப்போவது நான்தானே.

அம்மாவோடு பேச்சு இல்லை.

ஜனவரி 28

சாமி, நாளைக்கு ஒரு நாள். ஒரே ஒரு நாள். அப்புறம் இந்தக் காலை நீயே எடுத்துக்கோ.

ஜனவரி 29

ஒரு மூச்சு தூரம் பாக்கி. அவ்வளவுதான். விசிலடித்துவிட்டார்கள். குண்டு எறிவதற்குக் கூப்பிடவே இல்லை. "வெளிய போற வழி அந்தப் பக்கம்மா" என்றார் ஒரு போலீஸ்காரம்மா, மரியாதையாகத்தான்.

உஸ்மாவுக்கும் அதே கதை. பஸ்ஸில் என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். அவளுக்கு வயசு இருக்கு. எனக்கு?

"எவ்வளவு தூரத்துல வுட்ட?" என்று அம்மா கேட்டாள். போர்வையை இழுத்துக்கொண்டு படுத்துவிட்டேன்.

பிப்ரவரி 2

ஒன்றும் இல்லை.

பிப்ரவரி 8

காலையில் உஸ்மா வந்து கூப்பிட்டாள். "அக்கா, உங்கம்மா திடல்ல என்னவோ பண்றாங்க."

ஓடினேன். அம்மா அந்த இரண்டு சால் டியூப்பையும் வயலிலிருந்து உருவிக்கொண்டு வந்து, இரண்டு துண்டையும் சேர்த்து முடிவுக் கல்லிலிருந்து மேற்கொண்டு விரித்துக்கொண்டிருந்தாள். முந்தானையெல்லாம் மண்.

"எனக்கு எதுக்கும்மா இனிமே?"

"உனக்கில்லன்னா அந்தப் புள்ளைக்கு. கல்லைப் புடுங்கி இங்க நடு. சாயங்காலம் தக்காளிக்குத் தண்ணி வுடணும், டியூப்பு திரும்பப் போவணும்."

நடுவில் மாமா போன் பண்ணினார். அம்மாதான் எடுத்தாள். "கல்யாணப் பேச்செல்லாம் அப்புறம் பாக்கலாம் வுடு. இங்க கல்லு நட்டுக்கினு இருக்கறோம்" என்று வைத்துவிட்டாள்.

உஸ்மா ஓடினாள். நான் புதுக் கல்லுக்குப் பக்கத்தில் போனில் நேரம் பார்த்துக்கொண்டு நின்றேன். பழைய கல் இருந்த குழி வந்ததும் அவள் கால் தானாகத் தளர்ந்தது. என் கால் தளர்ந்த மாதிரியேதான்.

"இன்னும் இருக்குது கண்ணு, ஓடு, ஓடு!" என்று கத்தியது அம்மா.