சிரிப்பு இறங்கும் நேரம்

லாத்தா,

மேசை இழுப்பறையைத் திறந்தால் இன்னமும் உங்கள் தைல வாசனை வருகிறது. மைக்கின் தலையில் மாட்டும் கறுப்புப் பஞ்சு உறை அங்கேதான் இருக்கிறது. மேடைக்குப் பக்கவாட்டு இருட்டில் நின்று பேசப் போகுமுன், தொண்டையில் தைலத்தைத் தேய்த்துக்கொண்டு மைக்கை உதட்டோடு ஒட்டிப் பிடிப்பீர்கள். நீங்கள் போய் ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. பஞ்சு மட்டும் விடமாட்டேன் என்கிறது.

போன ஞாயிற்றுக்கிழமை அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டுதான் அரங்கத்துக்குப் போனேன். அங்கே செய்ய வேண்டிய ஒரு காரியத்தைச் செய்யாமல் விட்டுவிட்டேன். அதை உங்களிடம் சொல்லியாக வேண்டும்.

நம் இசை நாடகத்தைத் திரும்பப் போடுகிறார்கள். ஊரிலிருந்து சிங்கப்பூருக்குக் கப்பல் பட்டறை வேலைக்கு வந்தவன் கதை. முதல் தடவை போட்டபோது நான் அவன், நீங்கள் அவனுடைய அம்மா; மேடைக்கு வெளியே எனக்கு லாத்தா, அக்கா. அம்மா மேடைக்கு வரவே மாட்டாள். கடைசிப் பாட்டுக்கு முன்னால், வேலையில் கை நசுங்கிக் கட்டுப் போட்டிருப்பவன் அதை மறைத்து ஊருக்குப் போன் பேசுவான். அப்போது அம்மாவின் குரல் மட்டும் கேட்கும். அந்தக் குரலுக்காக நீங்கள் பகலெல்லாம் ஆங் மோ கியோவில் வீடு விற்றுக்கொடுத்துவிட்டு, காதில் போனோடு ஒத்திகைக்கு வருவீர்கள். "ஓனர் யோசிக்கிறாரு தம்பி. யோசிக்கட்டும். இப்ப நான் வாயத் திறந்தா ஓடிடுவாரு" என்பீர்கள். எப்போது பேசக்கூடாது என்பதில் நீங்கள் பலே கெட்டிக்காரி.

எனக்கோ பார்க்க வருகிறவர்களைக் கண்டாலே எரிச்சல். விளக்கு அணைந்த பிறகு செல்போன் வெளிச்சத்தில் இருக்கை தேடுகிறவர்கள், உருக்கமான இடத்தில் முறுக்குப் பொட்டலம் பிரிக்கிறவர்கள், தங்கள் பிள்ளை ஆடும்போது எழுந்து நின்று படம் பிடிக்கிறவர்கள். ஒரு நாள் ஒருவர் நடுப்பாட்டில் போனை எடுத்து, "நாடகத்துல இருக்கேன், அப்புறம் பேசறேன்" என்று அரங்கம் முழுக்கக் கேட்கச் சொன்னார். இடைவேளையில் நான் குதித்தேன். நீங்கள் பால் இல்லாத தேநீரை ஆற்றிக்கொண்டே, "காசு குடுத்து வந்தவங்க தும்மத்தான் செய்வாங்க. நீ பாட்டுப் பாடு" என்றீர்கள். திரையின் இடுக்கு வழியாக அவர்களைப் பார்ப்பதில் உங்களுக்கு அப்படி ஓர் ஆசை. "மூணாவது வரிசைல ஒரு ஆளு தூங்கப் போறாரு பாரு. அவரு பொண்டாட்டி இப்ப இடிப்பாங்க." சொன்ன மாதிரியே இடிப்பார்கள்.

அந்த இரண்டாம் நாள் காட்சி. போனைக் காதில் வைத்தேன். எழுதியிருந்த வசனம் "நல்லா இருக்கேம்மா". என் வாயில் வந்தது, "நல்லா இருக்கேன் லா." வேலைத்தளத்திலும் காப்பிக் கடையிலும் இந்த ஊர்க்காரர்கள் பேச்சுக்குப் பேச்சு ஒட்டுகிற 'லா'வை வருஷக்கணக்காகப் பேசிப் பழகிய நாக்கு, சமயம் பார்த்துக் காலை வாரிவிட்டது. முன்வரிசை குபீரென்று சிரித்தது. சிரிப்பு பின்னால் பரவியது, யாரோ கைகூடத் தட்டினார்கள். இதற்கு மேல் அழுகைப் பாட்டை எப்படிப் பாடுவது?

உங்கள் வசனம் "சாப்பிட்டியாப்பா?" என்பது. நீங்கள் அதைச் சொல்லவில்லை. நான் இருட்டுப் பக்கம் பார்த்தேன். கண்ணை மூடிக்கொண்டு நின்றிருந்தீர்கள். சிரிப்பு ஏறியது, தளர்ந்தது, இன்னும் நாலைந்து பேர் விடாமல் சிரித்துக்கொண்டிருந்தபோது உங்கள் குரல் வந்தது.

"யாரு... யாரு பேசுறது?"

பெற்ற பிள்ளையின் குரல் அம்மாவுக்கு அடையாளம் தெரியவில்லை. சிரித்துக்கொண்டிருந்த அத்தனை பேரும் வாயை மூடிக்கொண்டார்கள். எனக்கு வசனம் மறந்துவிட்டது. "நான்தாம்மா" என்றேன். அப்போது நான் நடிக்கவில்லை, லாத்தா. அதற்கு முந்தின வாரம்தான் திருவாரூரிலிருந்து என் அம்மா, உன் பேச்சே மாறிப்போச்சுடா என்று சொல்லியிருந்தாள்.

ஒப்பனை அறையில் என் முதுகில் ஒன்று வைத்தீர்கள். "லா வந்துடுச்சு தம்பி. இனிமே இங்கயே தங்கிக்கன்னு உனக்கு பி.ஆர். குடுத்துடுவாங்க." பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுக் கேட்டீர்கள், "பின்னாடி ரெண்டு வரிசை சிரிக்கவே இல்லே, கவனிச்சியா?" என்னைப்போல ஊரிலிருந்து வேலைக்கு வந்த ஊழியர்கள் இலவச டிக்கெட்டில் உட்கார்ந்திருந்த வரிசைகள் அவை. நான் கவனிக்கவில்லை. அன்றிலிருந்து அந்த 'லா'வும் உங்கள் கேள்வியும் என் பதிலும் நாடகத்தில் நிலைத்துவிட்டன.

ஒவ்வொரு காட்சியிலும் எப்படி அவ்வளவு சரியாக விழுகிறது என்று ஒரு தடவை கேட்டேன். "சிரிப்பு ஏறுறப்ப பேசினா காதுல விழாது. முழுசா அடங்கினப்புறம் பேசினா ஆறிப்போயிடும். இறங்கும்போது பேசணும்."

"சிரிக்கவே இல்லேன்னா?"

"அப்ப நான் எதுக்கு? அவங்களுக்கே கேட்டிருக்குமே."

நானும் அதை ஒரு விளையாட்டுப் பேச்சாகத்தான் எடுத்துக்கொண்டேன்.

இப்போது அந்த வேடத்தைச் சரவணன் என்கிற இளைஞன் செய்கிறான், இங்கேயே பிறந்து வளர்ந்தவன். அம்மாவின் குரலுக்கு வேறு யாரையும் போட இயக்குநருக்கு மனசு வரவில்லை. பழைய காட்சி ஒன்றின் ஒலிப்பதிவிலிருந்து உங்கள் அந்த ஒரு வரியை எடுத்து வைத்திருந்தார். பட்டனை அழுத்தினால் நீங்கள் பேசுவீர்கள். எப்போது அழுத்துவது என்று தெரிந்த ஆள் நான்தான் என்று என்னை அரங்கின் பின்னால், கண்ணாடிச் சன்னல் திறந்திருக்கும் ஒலி அறையில் உட்காரவைத்துவிட்டார்.

வெள்ளிக்கிழமை சிரித்தார்கள். சனிக்கிழமையும் சிரித்தார்கள். இறங்கும்போது அழுத்தினேன், அரங்கம் கப்சிப். சனிக்கிழமை காட்சி முடிந்ததும் உங்கள் மகள் நஸ்ரின் புக்கிட் பாத்தோக்கிலிருந்து போன் செய்தாள். ஞாயிற்றுக்கிழமை பகல் காட்சிக்கு வருகிறாளாம்.

"உம்மா வாய்ஸ் என் போன்லயே இருக்கு அங்கிள். தனியா கேட்கப் பயமா இருக்கு. நெறைய பேரோட சேர்ந்து கேட்டா தாங்கிக்குவேன்னு தோணுது. மிஸ் பண்ணிடாதீங்க, ப்ளீஸ்."

நான் இருக்கேம்மா, கவலைப்படாதே என்றேன்.

ஞாயிறு ஊழியர்களுக்கு விடுமுறை நாள். அன்றைய இருக்கைகளில் பெரும்பாலானவற்றை அவர்களுக்கே கொடுத்திருந்தார்கள். அவர்கள் வாராவாரம் கூடும் தேக்காவிலிருந்து கூட்டம் கூட்டமாக நடந்து வந்தார்கள். தேய்த்த சட்டை, நெற்றியில் திருநீறு, கையில் டிக்கெட்டை மடக்காமல் பிடித்திருந்தார்கள். வாசலில் ஒருவர் என்னை நிறுத்தி, "அண்ணே, நடுவுல கைதட்டலாமா, இல்ல முடிஞ்சப்புறந்தானா?" என்று கேட்டார். எப்ப தோணுதோ அப்பத் தட்டுங்க என்றேன். உங்கள் சகவாசம்தான், வேறென்ன. முதல் பாட்டுக்கு விசில் பறந்தது. ஒருவர் வீடியோ அழைப்பில் ஊரில் யாருக்கோ மேடையைக் காட்டிக்கொண்டிருந்தார், இருக்கை காட்டும் பெண் டார்ச் அடித்து நிறுத்த வேண்டியிருந்தது. மூன்றாவது வரிசையில் நஸ்ரினின் பச்சை முக்காடு தெரிந்தது.

போன் காட்சி வந்தது. விரலைப் பட்டன்மேல் வைத்தேன். சரவணன் கட்டுப் போட்ட கையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டான், அம்மா பார்த்துவிடப் போகிறாள் என்பதுபோல.

"நல்லா இருக்கேன் லா."

ஒருவரும் சிரிக்கவில்லை.

நான் காத்திருந்தேன். எங்காவது ஒரு மூலையிலிருந்து கிளம்பும், அதைப் பிடித்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். இருக்கை கிரீச்சிடும் சத்தம்கூட இல்லை. ஏறாத சிரிப்பு எங்கிருந்து இறங்கும்? காதில் மாட்டியிருந்த கருவியில் இயக்குநர், "போடுங்க" என்றார். நஸ்ரின் இருக்கையின் நுனிக்கு வந்திருந்தாள். முன்னால் இருந்த இருக்கையின் முதுகைப் பிடித்திருந்த அவள் கைகள் தெரிந்தன. "போடுங்க சார், என்ன ஆச்சு?" விரலுக்குக் கீழே நீங்கள் இருந்தீர்கள், லாத்தா. கொஞ்சம் அழுத்தினால் போதும், பேசிவிடுவீர்கள். அந்தப் பெண்ணுக்கு வாக்குக் கொடுத்திருந்தேன். ஆனால் அத்தனை பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு எதையோ கேட்டுக்கொண்டிருந்தார்கள். அவரவர் வீட்டுப் போனில் அவரவர் அம்மா கேட்டதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தார்கள் என்று எனக்குப் பட்டது. அதற்கு மேல் உங்கள் குரலைப் போட்டால் அது வெறும் சத்தம்.

காதுக் கருவியைக் கழற்றி வைத்தேன். விரலை எடுத்துவிட்டேன்.

சரவணன் போனையே பார்த்தான். குரல் வராது என்று அவனுக்குப் புரிந்த கணம் எனக்குத் தெரிந்தது. முகம் வெளுத்தது. பிறகு, கேள்வி காதில் விழுந்தவன்போல, மெதுவாகச் சொன்னான்.

"நான்தாம்மா."

நடு வரிசையிலிருந்து ஓர் ஆள், உரக்கக்கூட இல்லை, பக்கத்தில் இருப்பவனிடம் சொல்வதுபோலச் சொன்னார், "கையச் சொல்லிடாத தம்பி."

அதற்கும் யாரும் சிரிக்கவில்லை. இருக்கை காட்டும் பெண் டார்ச்சை எடுக்கவில்லை. சரவணன் அந்த ஆள் இருந்த திசையைப் பார்த்துத் தலையை ஆட்டிவிட்டுத்தான் பாட ஆரம்பித்தான்.

காட்சி முடிந்ததும் இயக்குநர் ஓடிவந்து, மெஷின் ரிப்பேரா என்றார். இல்லை, நான்தான் போடவில்லை என்றேன். என்னை முறைத்துப் பார்த்துவிட்டு வெளியே போனார். கூட்டம் தங்குவிடுதி பஸ்ஸைப் பிடிக்கக் கலைந்துகொண்டிருந்தது. நஸ்ரின் மட்டும் எழுந்திருக்கவில்லை. நான் அவளிடம் நடந்து போன தூரம் எனக்கு மிகவும் கஷ்டமாக இருந்தது.

"ஏன் அங்கிள்? நான் வெயிட் பண்ணிக்கிட்டே இருந்தேன்." அழுது முடித்திருந்தாள். கோபம் இருந்தது, அதை மறைக்கவும் இல்லை.

நீங்கள் சொன்னதை அவளிடம் சொன்னேன். சிரிக்காவிட்டால் நான் எதற்கு என்று நீங்கள் கேட்டதை. அவள் காலி மேடையைப் பார்த்தாள். "அது உம்மா பேச்சுத்தான்" என்றாள். பிறகு, "இப்பப் போடுங்க" என்றாள்.

"தனியாவா?"

"நீங்க இருக்கீங்கல்ல."

நான் ஒலி அறைக்குப் போனேன். அத்தனை காலி இருக்கைகளுக்கு நடுவில் பச்சை முக்காடு ஒன்று. பட்டனை அழுத்தினேன்.

"யாரு... யாரு பேசுறது?"

அரங்கம் முழுக்க நீங்கள் கேட்டீர்கள். அவள் முதலில் குனிந்துகொண்டாள். அப்புறம் நிமிர்ந்து, போனில் பேசுகிறவள்போலச் சாதாரணமாகச் சொன்னாள்.

"நான்தான் உம்மா."

அதற்கு மேல் ஒலிப்பதிவில் ஒன்றும் இல்லை.

போகும்போது பஞ்சு உறையை அவளிடம் நீட்டினேன். முகர்ந்து பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள். "வேணாம் அங்கிள். நான் வச்சிருந்தா மோந்து மோந்தே தீத்துடுவேன். உங்ககிட்டயே இருக்கட்டும்."

அதனால்தான் அது என் இழுப்பறையில் இருக்கிறது. வருகிற ஞாயிறும் பகல் காட்சி உண்டு. இயக்குநர் திட்டிவிட்டு மறுபடியும் என்னையே கூப்பிட்டிருக்கிறார். பட்டன்மேல் விரலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன், லாத்தா. நீங்கள் பேச வேண்டுமா வேண்டாமா என்பதை வந்திருப்பவர்களிடமே கேட்டுக்கொள்கிறேன். தும்மினாலும் பரவாயில்லை.