தேய்த்தும் போகாத கழுத்துக் கருமை

அனுப்புநர்:
நெரிசா பால்மாரெஸ் (வயது 24),
ரொட்டிக் கூடத் தொழிலாளி,
ஹாரோ, இலோய்லோ.

பெறுநர்:
தொழிலாளர் நல அலுவலர் அவர்கள்,
இலோய்லோ.

பொருள்: கழுத்துக் கருமைக்காக வேலையிலிருந்து நிறுத்தப்பட்டது தொடர்பாக.

மதிப்பிற்குரிய அம்மையீர்,

1. ஐந்து ஆண்டுகளாக மாவு பிசைகிறேன். என் பின்கழுத்து கறுத்திருக்கும். மே 6 அன்று மேற்பார்வையாளர் எர்லிண்டா தகுட், "என்ன பொண்ணே, குளிக்கவே மாட்டியா? உன் கழுத்துல இருக்குறத வழிச்சா ஒரு ரொட்டி சுடலாம்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பிறகு குழாயடியில் நிறுத்தி, தேய்ப்புக் கல்லால் அவரே தேய்த்தார். தோல் உரிந்தது, கருமை போகவில்லை. கழுத்து வெளுக்கும்வரை வர வேண்டாம் என்று அனுப்பிவிட்டார்.

2. சுகாதார நிலைய மருத்துவர் ரத்தமும் இடுப்பளவும் பார்த்தார். இன்சுலின் சுரந்தும் உடல் அதற்கு இணங்கவில்லை, கருமை அதன் அடையாளம், அழுக்கல்ல, பிறருக்கு ஒட்டாது என்று எழுதித் தந்தார். சர்க்கரை நோய் இன்னும் வரவில்லையாம்; வரும் வழியில் இருக்கிறதாம். இனிப்பு ரொட்டியை விடச் சொன்னார். விற்காத இனிப்பு ரொட்டிதான் எங்கள் மதிய உணவு என்று சொல்ல எனக்கு வெட்கமாயிருந்தது.

3. கடிதத்தைப் படித்த முதலாளி, "நோய்னா ரொட்டியத் தொடக் கூடாது. நோய் இல்லேன்னா அழுக்கு. ரெண்டுல ஒண்ணு சொல்லு" என்றார். கடிதத்தை வாங்கிக்கொண்டு வீட்டுக்குத் திரும்பினேன்.

4. இம்மனுவை எர்லிண்டா மீதான புகாராகவே எழுதத் தொடங்கினேன். ஞாயிறன்று தேவாலயப் பூசை முடிந்து என் வீட்டுக்கு வந்தவர், சட்டைக் காலரை மடித்துக் காட்டினார். அதே கருமை. "பதினஞ்சு வயசுலேர்ந்து தேய்க்கிறேன். போகவே மாட்டேங்குது. அந்த டாக்டர் எப்ப இருப்பாரு?" என்று கேட்டார். அவருக்கு வயது இருபத்தொன்பது. திட்டுவதற்காகச் சேர்த்து வைத்திருந்த சொற்களை விட்டுவிட்டு, மருத்துவர் இருக்கும் நாளைச் சொன்னேன். செவ்வாயன்று கூட்டிப் போனேன். அவருக்குச் சர்க்கரை நோயே வந்துவிட்டது. முதலாளிக்கு இன்னும் தெரியாது.

5. ஆகவே இத்துடன் இணைத்துள்ள படிவத்தில் யார்மீது புகார் என்ற இடத்தில் எந்தப் பெயரை எழுதுவது என்று எனக்கு விளங்கவில்லை, வெற்றிடமாக விட்டிருக்கிறேன். இது அழுக்குமல்ல, ஒட்டுவதுமல்ல என்று முதலாளிக்குத் தாங்கள் எழுத்தில் தெரிவித்து, என்னை மீண்டும் வேலைக்கு எடுக்கவும், ரொட்டிக் கூடத்தில் வேலை செய்யும் எங்கள் ஒன்பது பேருக்கும் ரத்தப் பரிசோதனை நடக்கவும் ஆவன செய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன். எர்லிண்டாவின் வேலைக்குக் கேடு வராமல் பார்த்துக்கொள்ளவும் வேண்டுகிறேன்.

இடம்: இலோய்லோ
நாள்: 23 மே 2024

இப்படிக்கு,
நெரிசா பால்மாரெஸ்

மேலே எழுதியிருப்பது உண்மை. தேய்த்தது நான்தான்.
எர்லிண்டா தகுட்